அர்ச்சனைக்கு ஒரு பெயர்

மச்சான்,

இன்று டயாலிசிஸ் முடிந்து வெளியே வந்தால், தம்போய் சென்டர் வாசலில் ஒருவர் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார். உடனே உன் நினைவு. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் கிடந்த நம் இருவருக்கும் டாக்டர் ஆகாது என்று தடுத்த இளநீர். ஒர்க்‌ஷாப்பை விற்று, வெளிநாடு போய், புதுக் கிட்னியோடு நீ திரும்பியதும் இதே வாசலில் ஒரு காயை ஒரே மூச்சில் குடித்துக் காட்டினாய். "நல்லா பாத்துக்கடா," என்றாய். பாவி, எனக்கு வயிறு எரிந்தது.

அப்புறம் என்னைக் கோயிலுக்கு இழுத்துப் போனாய். கிட்னியை விற்றவனுக்கு அர்ச்சனை செய்யவேண்டும் என்றாய். ஐயர், "பேரு, நட்சத்திரம்?" என்று கேட்டதும் விழித்தாய். கிட்னிக்கு ஏற்பாடு செய்த ஏஜெண்டு சொல்லவே இல்லை. "சாமி பேருக்கே பண்ணிடுங்க," என்று சமாளித்தாய். வீடு வந்து காரிலிருந்து இறங்கும்போது, "உடம்புக்குள்ள இருக்கான், பேரு தெரியல மச்சான்," என்றாய்.

மழைக்காலம் முடிவதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆபரேஷன் செய்த இடத்திலேயே தொற்றிய கிருமி என்றார்கள். உன்னை எரித்தபோது அவனுடையதும் சேர்ந்து எரிந்தது. அது அவனுக்குத் தெரியாது.

இப்போது அதே ஏஜெண்டு என்னைக் கூப்பிடுகிறான். டயாலிசிஸ் ஊசி போடும் நரம்பு ஓய்ந்து வருகிறது. வீட்டை விற்றுவிடலாம் என்கிறாள் மனைவி. "பிள்ளைங்களுக்கு அப்பா வேணும்லா," என்று அழுகிறாள். சாவுக்குப் பயமாக இருக்கிறது மச்சான். சரி என்று சொல்லிவிடுவேனோ என்பது அதைவிடப் பயம்.

தப்பிக்க ஒரு வழி பார்த்தேன். எப்படியும் சொல்லமாட்டான் என்று நம்பி, "கொடுக்கிறவரு பேரு, நட்சத்திரம் சொல்லுங்க, அப்புறம் பேசலாம்," என்றேன். "அவ்வளவுதானா அண்ணே?" என்று சிரித்தான். சாயங்காலமே பதில் வந்துவிட்டது. குமரன், ரோகிணி. கைக்குழந்தை இருக்கிறதாம், கேட்காமலே அதையும் சொன்னான். மெய்யோ பொய்யோ, யார் கண்டது?

இன்று இளநீர்க்காரரைத் தாண்டி நேரே கோயிலுக்குத்தான் போனேன். அர்ச்சனைச் சீட்டு வாங்கக் கை நீட்டியவன் அப்படியே நின்றேன். என்னவென்று வேண்டுவது? அவன் நன்றாக இருக்கட்டும் என்றா, அவனுடையது எனக்கு வரட்டும் என்றா? திரும்பி வந்துவிட்டேன்.

போன் மறுபடி அடிக்கிறது, ஏஜெண்டுதான். மனைவி என் முகத்தையே பார்க்கிறாள். குமரன், ரோகிணி என்று வாய் தன்னால் முணுமுணுக்கிறது. இன்னும் எடுக்கவில்லை.