ஆறாட்டுக்கு நின்ற சர்வர்

12 அக்டோபர் 2009
டிஸ்க் கம்பெனியிலிருந்து மெயில். எங்கள் கண் ஆஸ்பத்திரி சர்வரில் இருக்கிற ரக டிஸ்குகளின் ஃபர்ம்வேரில், அதாவது அவற்றுக்குள்ளேயே இருந்து அவற்றை ஓட்டும் நிரலில், ஒரு சின்னப் பிழையாம். அணைத்துவிட்டுப் போட்டால் சில டிஸ்க் கண் விழிக்காமல் போகலாமாம். சின்னப் பிழை! புது ஃபர்ம்வேர் ஏற்ற இரண்டு மணி நேரம் சர்வரை நிறுத்த வேண்டும்.

நிர்வாகி ஸ்ரீஜித் சாரிடம் சொன்னேன். "இதுவரை கேடு வந்திட்டுண்டோ? பின்னே எந்தினா, நம்பீ, ஓடுறதைத் தொடுறது?" பழுதாகாததை எதற்குத் தொட வேண்டும் என்கிறார்.

பல் வலித்தால்தான் பல் தேய்ப்பார் போலிருக்கிறது.

17 அக்டோபர்
யு.பி.எஸ். பேட்டரி மாற்ற 28-ஆம் தேதி சர்வர் அறைக்கு முழு மின்தடை. ஸ்ரீஜித் சார் உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார். டிஸ்க் சாகாமலிருக்க நிறுத்தக் கூடாது, சாவதற்கு நிறுத்தலாம். நிர்வாகம் என்றால் இது.

20 அக்டோபர்
டாக்டர் எலிசாள் அறையில் பிரிண்டர் பார்க்கப் போனேன். நாகர்கோவில்காரர். மானிட்டரில் குறைமாதக் குழந்தை ஒன்றின் விழித்திரைப் படம். வாராவாரம் எடுத்து, போன வாரத்தோடு ஒப்பிட்டு, ரத்தக்குழாய் முறுக்கிக்கொண்டால் உடனே லேசர். தாமதித்தால் பார்வை போய்விடும்.

டிஸ்க் கதையைச் சொன்னேன்.

"பழைய படம் போச்சுன்னா நான் எதைப் பாத்து முடிவு பண்ணுகது? இத மொதல்லயே சொல்லப்பிடாதா?"

"சார் கிட்ட சொன்னேனே டாக்டர்."

"ஆறாட்டு அன்னைக்கு மத்தியானத்துக்கு மேல ஓ.பி. கிடையாது. அன்னைக்கே செய்யும். ஸ்ரீஜித் கேட்டா நான் சொல்லுகேன்."

ஆறாட்டன்று பத்மநாபசுவாமி ஓடுபாதையைக் கடந்து கடலாடப் போக விமானமே இறங்காமல் நிற்கிற ஊர். எங்கள் சர்வருக்குத்தான் என்ன கௌரவம்!

25 அக்டோபர்
ஸ்டோரில் கிடந்த பழைய சர்வரைத் தூசி தட்டி எல்லாப் படங்களையும் நகலெடுக்கிறேன். ஆமை வேகம். சில படங்களைத் திறந்து பார்த்தேன். திறக்கிறது.

ஆறாட்டு நாள்
சர்வரை நிறுத்தி, ஒவ்வொரு டிஸ்காக அணைத்துப் போட்டு ஃபர்ம்வேர் ஏற்றினேன். முதல் டிஸ்க் சரி. இரண்டாவது சரி. மூணாவது — எழுந்திருக்கவே இல்லை. பரவாயில்லை, ஒண்ணு போனா மத்தது தாங்கும். நாலாவதும் போச்சு. ரெண்டு போனா அவ்வளவுதான், எல்லாம் காலி. பெருமாளே, நானே கையால கொன்னுட்டேனா? நகல் மட்டும் சரியா இல்லேன்னா — தரையிலயே உட்கார்ந்துட்டேன்.

பழைய சர்வரை இணைத்தேன். டாக்டர் வந்து பார்த்தார். முதலில் அந்தக் குழந்தையின் படம். திறந்தது. எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார்.

28 அக்டோபர்
ஸ்ரீஜித் சார்: "நான் பறஞ்ஞதல்லே? நீ தொட்டே, கேடாச்சு."
தொடாமல் இன்று பேட்டரிக்காக அணைத்திருந்தால் நகலும் இருந்திருக்காது. சொன்னேன். மீட்டிங் இருக்கிறதாம், போய்விட்டார்.

30 அக்டோபர்
அந்தக் குழந்தையின் இந்த வாரப் படம் போன வாரப் படத்தைவிட மோசம். டாக்டர் இன்று காலையே லேசர் செய்துவிட்டார்.

9 நவம்பர்
குழந்தைக்குப் பார்வை தப்பும் என்கிறார் டாக்டர். யாருக்கு நன்றி சொல்வது என்று அதன் அம்மா கேட்டாளாம். "மெஷினுக்குன்னேன், கோச்சுக்காதயும்" என்றார்.

ஸ்ரீஜித் சாரிடமிருந்து எனக்கு மெமோ வந்துவிட்டது: அனுமதியின்றி சர்வரை நிறுத்தியது ஏன்? டாக்டர் பதிலில் தன் பெயரையும் எழுதச் சொன்னார். எழுதவில்லை. பதில் ஒரே வரி:

நிறுத்தினேன். படங்கள் இருக்கின்றன.