நாலு தடவை மடித்த போர்வை

அம்மாவுக்கு வணங்கி எழுதுவது. உன் முழங்கால் வலி இப்போது தேவலையா? எனக்குக் காய்ச்சல், தலைவலி ஒன்றும் இல்லை.

கிடங்கில் எங்கள் மணிக்கட்டில் ஒரு கருவி கட்டுவார்கள் என்று சொல்லியிருந்தேனே. மூன்று நிமிடம் கை அசையாவிட்டால் அது கத்தும். சனிக்கிழமை அதைத் திருப்பிக் கொடுக்க மறந்து அறைக்கு வந்துவிட்டேன். மறுநாள் லீவு. படுத்திருந்தேன், கத்தியது. எழுந்து போர்வையை மடித்தேன். பிரித்துப் படுத்தால் மறுபடி கத்தியது. இப்படியே நாலு தடவை.

கூடத் தங்கியிருக்கும் டிரைவர் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "கழட்டி வச்சுட்டுத் தூங்க வேண்டியதுதானேடா" என்றார்.

எனக்கு அது தோன்றவே இல்லை, அம்மா. கழற்றிய பிறகும் சும்மா படுக்க உடம்பு கூசியது. தண்டச்சோறு தின்பவனைப் போல எழுந்து சுவரோரம் நின்றேன், சாயங்காலம் வரை.

நீ கட்டிப் பழசான சேலை ஒன்று அனுப்பு, போர்த்திக்கொள்கிறேன். இந்தப் போர்வையைத் தொடப் பிடிக்கவில்லை. போனில் வேலை எப்படி என்று கேட்காதே.

இன்னொன்று. கைக்குழந்தையாய்க் குப்புற விழக்கூடத் தெரியாமல் நான் வெறுமனே கிடந்த நாட்களில், என்னைப் பார்க்க உனக்கு எப்படி இருந்தது? கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. நான் கேட்டதற்கு மட்டும் பதில் எழுது, போதும்.

உன் மகன்