இருநூறு பூத்தொட்டிகள்

வேலை அழுத்தத்தில் மனம் தளர்ந்துபோன யோகேஸ்வரிக்கு டாக்டர் ஒரு மாதம் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, கொடுத்திருந்தார். மனசு ஆற, தினம் ஒரு சின்ன மண் தொட்டிக்கு வர்ணம் பூசிவந்தாள். நேற்று அவள் கணவன் குணாளன் இருநூறு வெறும் தொட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினான். தன் தங்கை பவித்ராவின் கல்யாணத்தில் விருந்தாளிகளுக்குக் கொடுக்க அவள் பூசித் தருவாள் என்று, அவளைக் கேட்காமலேயே வாக்குக் கொடுத்திருந்தான். இன்று அவன் வேலைக்குப் போனதும், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டினாள்.

“என்னங்க, மீன் குழம்பு உள்ள இருக்கு, சுட வச்சிக்குங்க. நான் சுங்கை ரம்பாய்க்கு, அக்கா வீட்டுக்குப் போறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு உங்க தங்கச்சி பவித்ரா தொட்டி பார்க்க வருவா. பெயிண்டும் பிரஷும் ஹால்ல வச்சிருக்கேன், ரெண்டு பேரும் உக்காந்து பூசுங்க. என் சாவி டிவி பக்கத்துல இருக்கு, அவகிட்ட கொடுத்திடுங்க. பூச அவ தினமும் வந்து போகணும்ல. நான் பூசுன பதினோரு தொட்டியையும் எடுத்துட்டுப் போறேன். அது விருந்தாளிங்களுக்கு இல்ல.”

வாசல் வரை போனவள் திரும்பி வந்து, சீட்டின் அடியில் நெருக்கி எழுதினாள்.

“‘வீட்ல சும்மாதானே இருக்கே’ன்னு கேட்டீங்க. சும்மா இருக்கத்தான் டாக்டர் எம்.சி. கொடுத்தாருலா.”