ஆறாவது மேஜைவிரிப்பு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், நீயும் மாப்பிள்ளையும் நலமா என்று நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஒரு நிலையில் இல்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, பேச்சுதான் குறையவில்லை.

தேர்தலன்று போனில் ஓட்டுப் போட்டாயா அம்மா என்று கேட்டாய், போட்டாச்சு என்றேன். அது பொய். எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வாரம் ஒரு நாள் வேலையை வெட்டப் போவதைச் சொல்லியிருந்தேன் அல்லவா. கஷ்டகாலம், ஆபீஸ் உட்பட எல்லாருக்கும் ஒரே வெட்டு, சம்மதமானால் கை தூக்குங்கள் என்றார் மேலாளர். எல்லாருக்கும் ஒன்று என்றால் தாங்கிக்கொள்ளலாம் என்று எனக்குப் பட்டது. உன் அம்மா சும்மா இருப்பாளா, இஸ்திரி மெஷினில் என்னோடு மறுமுனை பிடிக்கிற நெட்டை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், நான்தான் முழங்கையால் இடித்துத் தூக்க வைத்தேன். ஆபீஸ் சாப்பாட்டு அறையில் நாளுக்கொரு மேஜைவிரிப்பு மாற்றுவார்கள், வாரம் ஆறு எங்களிடம் வெளுக்க வரும். ஆபீஸையும் ஒரு நாள் மூடினால் ஐந்துதானே வர வேண்டும், ஆறு வந்தது. பழசு ஏதோ கலந்திருக்கும் என்று நானே சமாதானம் சொன்னேன். மறுவாரமும் ஆறு, ஆறிலும் கறை. ஆபீஸுக்கு மட்டும் வெட்டு இல்லையா என்று மேலாளரிடம் போய்க் கேட்டவள் நெட்டை. நீங்களே கை தூக்கின தீர்மானம்தானே என்று சொல்லி, வாய் அதிகம் என்று அவளை வேலையை விட்டே நிறுத்திவிட்டார் அந்தப் புண்ணியவான். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை.

இருபது வருடமாக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஓட்டுப் போடப் போவோம். இந்தத் தேர்தலன்றும் அவளைக் கூப்பிடப் போனேன். அக்கா நீ தூக்கச் சொன்னே தூக்கினேன், இனிமே என் கைய என்கிட்டயே விட்டுடு என்றாள். திட்டியிருந்தால் தேவலை. தனியாகப் போய் வரிசையில் நின்றேன், எனக்கு முன்னால் மேலாளர். இங்க எல்லாரும் ஒண்ணுதாம்மா, நீங்க முன்னாடி போங்க என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உங்கள் ஊரில் தேர்தல் வரும்போது நீ அங்கே ஓட்டுப் போடு என்றோ போடாதே என்றோ சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. அப்பாவிடம் எதையும் உளறிவிடாதே. நெட்டைக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. இந்த வாரமும் ஆறு விரிப்பு வந்தது, மறுமுனை பிடிக்க ஆளில்லை, மூலைக்கு மூலை சேர்த்து நானே மடித்து அனுப்பினேன்.

உன் அம்மா