brb என்றால் வந்துவிடுவார்

17-6-2005, வெள்ளி
இன்றும் மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தேன். சார்ஜாவிலிருந்து என் வீட்டுக்காரர் brb என்று அடித்தார். அப்புறம் ஒன்றுமில்லை. சென்டர் நடத்தும் அம்சவல்லி அக்காவிடம் கேட்டேன்.
"இதோ வந்துடறேன்னு அர்த்தம்மா. இங்கிலீஷ்ல சுருக்கி அடிக்கறது."
காத்திருந்தேன். வரவில்லை.

24-6
gtg என்றால் போகணும். np, பரவாயில்லை. k என்றால் சரியாம். ஒரே எழுத்து. அதற்குமேல் எனக்காகச் செலவழிக்க அவருக்கு மனசில்லையா? முன்பெல்லாம் ஒற்றை விரலால் தேடித் தேடி saptiya zareena என்று அடிப்பார். அவர் முடிப்பதற்குள் நான் சிரித்துவிடுவேன். அலுத்துப்போச்சா என்மேல்? வேறு யாராவது—

1-7
மைக்கில் பேசச் சொன்னேன். ரிப்பேராம்.

8-7
ஆறாம் வகுப்போடு நின்றவருக்கு இவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது? வயிற்றிலேயே கலைந்துபோன பிள்ளைக்கு நாம வச்சிருந்த பேரைச் சொல்லுங்க என்று அடித்தேன். எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த பேர்.
brb.
அது அவர் இல்லை. அல்லாவே, அது அவர் இல்லை. அப்ப அவரு எங்க?

9-7
சென்டருக்குப் போன் வந்திருப்பதாக அம்சவல்லி அக்கா சொல்லி அனுப்பினார். ஓடினேன். அவரோடு ஒரே ரூமில் தங்கியிருக்கும் அஹமது கபீர்.
"அண்ணி, நான்தான் அடிச்சேன். மன்னிச்சிடுங்க. அண்ணன் வேலை செய்யிற எடத்துல சாரத்துலேர்ந்து விழுந்துட்டாரு. தலையில அடி. பேச்சு வரல. தேறினதும் சொல்லிக்கலாம்னு..."
"உசுரு இருக்குதாப்பா?"
"இருக்குது அண்ணி."
இதற்கு அவருக்கு வேறு பெண்ணே இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது.

14-7
எழுத ஒன்றுமில்லை.

30-9
மீனம்பாக்கத்திலிருந்து வேனில் கூட்டி வந்தோம். வழி முழுக்க என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார், யாருடைய கை என்று யோசிப்பவரைப் போல.

6-11
பேச்சு வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். வீட்டில் நான் மட்டும் பேசிக்கொண்டே இருக்கிறேன். நேற்று கத்திவிட்டேன். "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லுங்களேன்!" கண்ணில் தண்ணீர் வழிய என்னைப் பார்த்தார். பாவி நான்.

20-11
மத்தியானம் மீன் குழம்பு. ஒரு வாய் வைத்தவர் நிறுத்தினார். உதடு கோணியது. எதையோ உள்ளேயிருந்து இழுப்பதுபோல் வெகுநேரம் திணறினார்.
"உப்பு" என்றார்.
டப்பாவை எடுத்து வந்து போட்டேன். நிறையவே விழுந்துவிட்டது. அப்படியே பிசைந்து சாப்பிட்டார்.