கோணல் மூலைக்குப் போகும் சாலை

மார்ச் 4, 1958. செவ்வாய்.

பள்ளிக்கூடத்தில் ஊராட்சியின் ஆண்டுக் கூட்டம். வந்திருந்தவர்கள்: தலைவர் ஹார்லன் ப்ரெக்கி, எழுத்தர் மெல்வின் ஊஸ், என் வீட்டுக்காரர் செல்மர், பக்கத்துப் பண்ணை தோரா லீன், மாவட்ட ஆணையர் எம்மெட் கிராஃப், காபி கொண்டுபோன நான். ஆறு பேர். மெல்வின் தன் ஏட்டில் "கூட்டம் நடந்தது, காபி நன்று" என்பதற்கு மேல் எழுதமாட்டார். அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

கிராஃப் வரைபடத்தை விரித்தார். வடக்கு ஊராட்சிக்கும் தெற்கே இருக்கும் எங்களுக்கும் நடுவே ஓடும் எல்லைச் சாலையை மூடப்போகிறார்களாம். இரண்டு மைல். ஏப்ரல் எட்டாம் தேதி மாவட்ட ஆணையர்களின் வாக்கெடுப்பு. மூடிவிட்டால் பனி தள்ள வண்டி வராது, சரளை விழாது, இரண்டு வருஷத்தில் யாராவது உழுது கோதுமை விதைத்துவிடுவார்கள். அந்தச் சாலையின் முடிவில்தான் எங்கள் ஆலயமும் கல்லறைத் தோட்டமும்.

மைல் மைலாக நூல் பிடித்ததுபோல் போகிற சாலைகள் அங்கே மட்டும் இருநூறு அடி கிழக்கே ஒதுங்கி, மறுபடி வடக்கே போகும். பூமி உருண்டை, நிலம் அளந்தவர்கள் போட்ட கட்டம் சதுரம். இரண்டும் பொருந்தாத இடத்தில் ஒடித்துச் சரிக்கட்டினார்கள். 1911இல் ஆலயத்தை எங்கே கட்டுவது என்று வடக்குக்காரர்களும் தெற்குக்காரர்களும் முட்டிக்கொண்டபோது, யாருடைய உழவுக்கும் உதவாத அந்தக் கோணல் மூலையை இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. இப்போது அதுவே வினையாகிவிட்டது. சாலை தெற்கினுடையது என்கிறது வடக்கு ஊராட்சி. எங்கள் வரைபடமோ வடக்கினுடையது என்கிறது.

"யாருக்குமே சொந்தமில்லாத ரோடும்மா அது. மாவட்டம் ஒரு நாளாவது அதுல வேலை பார்த்துச்சுன்னு எழுத்துல காட்டுங்க, விட்டுடறேன்" என்றார் கிராஃப்.

மெல்வின் பழைய ஏடுகளைப் புரட்டினார். காபி. காபி. ஒரு வருஷம் காபியோடு கேக்.

மார்ச் 5

காற்று வடமேற்கு. காலையில் பதினோரு டிகிரி ஃபாரன்ஹீட். ரொட்டி ஆறு சுட்டேன். கோபம் அடங்கவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் கிராஃபின் முகம் வருகிறது. கர்த்தரே, அதையும் கேட்டுக்கொள்ளும்.

எழுத்தில் காட்ட வேண்டுமாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து மழையை, பனியை, முட்டையை, வாசலில் வந்து நின்ற ஆளை எழுதாமல் விட்டதில்லை. நிலவறையில் பத்தொன்பது நோட்டுகள் இருக்கின்றன.

மார்ச் 9. ஞாயிறு.

ஆராதனைக்கு இருபத்து மூன்று பேர். "யாருக்குமே சொந்தமில்லாத" சாலையில் எட்டு வண்டிகள்.

மார்ச் 14

நோட்டுகளை எல்லாம் புரட்டி எண்ணி முடித்துவிட்டேன். பதினான்கு வருஷத்தில் அறுபத்தொரு முறை மாவட்ட வண்டி எல்லைச் சாலையில் வேலை பார்த்திருக்கிறது. ஓட்டியது எல்லா முறையும் வெர்னன் ஹோஃப். போகும் வழியில் எங்கள் சமையலறைக்குள் வராமல் போகமாட்டான், அதனால் அவன் என்ன சாப்பிட்டான் என்பதும் இருக்கிறது. "பனி பதினெட்டு அங்குலம். வெர்னன். ஆப்பிள் பை, மூன்று துண்டு."

முதல் பதிவு 1944 பிப்ரவரி 17. எங்கள் மகள் இங்காவைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோன நாள். நாலு வயது. "வெர்னன் வழி திறந்தான். எதுவும் சாப்பிடவில்லை." அதற்குக் கீழே அன்றைய முட்டைக் கணக்கு. அன்றைக்கும் எண்ணியிருக்கிறேனே, என்ன மனுஷி நான்?

அந்தப் பக்கத்தைச் செல்மரிடம் காட்டினேன். படித்துவிட்டு மாடுகளைப் பார்க்கப் போனார்.

மார்ச் 18

மாவட்ட அலுவலகத்துக்கு நோட்டுகளை எடுத்துக்கொண்டு போனோம். கிராஃப் ஒன்றைத் திறந்து, ஒரு வரி படித்து, சிரித்தார்.

"இது சமையல் நோட்டும்மா. ஊராட்சி ஏட்டுல இருந்தா அது ஆவணம்."

திரும்பும்போது இருபது மைலும் செல்மர்தான் ஓட்டினார். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "அவன் சிரிச்சிருக்கக் கூடாது" என்றார். அவருக்கு அது நீளமான பேச்சு.

மார்ச் 21

வெர்னன் வந்தான். ஆப்பிள் பை வைத்தேன். தொடவில்லை. தேதிகளுக்குச் சாட்சிக் கையெழுத்து போடுவாயா என்று கேட்டேன்.

"அக்கா, கிராஃப் என் மொதலாளி. ரெண்டு பொண்ணு காலேஜுக்குப் போகணும்."

சரி என்றேன். சரியில்லைதான். ஆனால் அவன் பிள்ளைகளைப் பணயம் வைத்து என் பிள்ளைக்காகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் 23. ஞாயிறு.

புயல். ஆராதனை இல்லை. பைபிளில் மூன்று சங்கீதங்கள் படித்தேன். மூன்றிலும் எதிரிகள்.

ஏப்ரல் 1. செவ்வாய்.

சிறப்புக் கூட்டம். ஹார்லன், மெல்வின், செல்மர், தோரா, நான். மாவட்டம் வேலை பார்த்ததை ஏட்டில் ஏற்றுங்கள் என்று எழுந்து சொன்னேன். அறுபத்தொரு தேதியை எழுத தன் கை வராது என்றார் மெல்வின். பேனாவை என் பக்கம் உருட்டி, "அவ்வளவு ஆசைன்னா நீயே எழுத்தரா இருந்துக்கோயேன்" என்றார்.

ஹார்லன் சிரித்தார். நான் பேனாவை எடுத்தேன்.

"தலைவரே, அவர் விலகுறார்னு எழுதிக்கவா?"

சிரிப்பு நின்றது. தோரா என் பெயரை முன்மொழிந்தாள். வழிமொழிந்தது செல்மர். கூட்டத்தில் அவர் வாய் திறந்து இன்றுதான் பார்க்கிறேன். எதிர்த்து யாரும் இல்லை. வேறு யாருக்கும் அந்த வேலை வேண்டாம் என்பதும் உண்மை.

எழுதத் தொடங்கினேன். இருபதாவது தேதியில் இருந்தபோது கதவு திறந்தது. வெர்னன். தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றான்.

"மொதல் தேதியை நானே சொல்றேன், சரிபாருங்க. பிப்ரவரி பதினேழு, நாப்பத்தி நாலு. அதுக்கு எனக்கு நோட்டு வேணாம்."

கடைசி வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு கோப்பை காபி குடித்தான். அதையும் ஏட்டில் எழுதினேன்.

ஏப்ரல் 3

தபாலில் போனதன் நகல்:

மாவட்ட ஆணையர்களுக்கு. எல்லைச் சாலையில் மாவட்டம் அறுபத்தொரு நாள் வேலை பார்த்ததற்கான ஊராட்சி ஏட்டுப் பக்கங்களை, வண்டி ஓட்டியவரின் கையெழுத்தோடு இணைத்திருக்கிறேன். நீங்கள் கேட்ட ஆவணம் இதுதான். நேற்றைய தூறல் பனிக்குப் பிறகு ஞாயிறு ஈஸ்டர் ஆராதனைக்காக இன்று காலை மாவட்ட வண்டி சாலையைத் திறந்தது. அது அறுபத்திரண்டு. எட்டாம் தேதி வாக்கெடுப்புக்கு முன் எழுத்தில் பதில் வேண்டும். தாமதிக்காமல் அனுப்புங்கள்.

ரக்னா ட்வெய்ட், ஊராட்சி எழுத்தர்.