மார்கழியில் ரேம் வாங்கக் கூடாது

டிசம்பர் 9, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. செனாய் சாலையில் கணுக்கால் தண்ணீர். வேலைக்குத் தாமதம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எல்லாருமே தாமதம். பருப்பு, பாத்திர சோப்பு இரண்டும் தீர்ந்துவிட்டன. வாங்கவில்லை.

எழுத வேண்டியது ஒன்றுதான். தம்பி சுரேன் இன்று வாயைத் திறந்து ஒரு பொருள் கேட்டான். மே மாதம் சிங்கப்பூரில் வேலை முடிந்து பைக்கில் வரும்போது விழுந்தவன். தோளில் நரம்பு பிய்ந்து, அன்றிலிருந்து வலது கை தொங்குகிறது. ஆகஸ்டில் ஆபரேஷன். வீட்டுக்கு வந்த நாளாய் "ம்", "வேணாம்", "அப்புறம்" என்று மூன்று சொல்லில் காலத்தை ஓட்டுகிறான். இருபத்தேழு வயது.

இன்று சாப்பாட்டு மேசையில், அவனாகவே:

"அக்கா, ஒரு கேமிங் கம்ப்யூட்டர் கட்டலாமா? ரெடிமேட் வேணாம். பார்ட்ஸ்லாம் நாமளே பாத்து எடுக்கலாம். ரொம்பப் பெருசு இல்ல, நடுத்தரமா."

"கட்டலாம்டா" என்றேன், விலை கேட்பதற்கு முன்பே. நாலாயிரத்து ஐந்நூறு ரிங்கிட் ஆகுமாம். பாதி அவன் சேமிப்பு, பாதி நான்.

ஒரு கையால் எப்படி ஆடுவான்? நான் கேட்கவில்லை. அம்மா கேட்கவே மாட்டார். அதற்குள் கை வந்துவிடும் என்பது அவர் கணக்கு. எனக்கு அந்த நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது. இந்த வீட்டில் யாராவது ஒருவர் அதை வாய்விட்டுச் சொன்னால் தேவலை. யாரும் சொல்வதில்லை, நான் உட்பட.

டிசம்பர் 10, புதன்

மழை இல்லை. வேலை விட்டு வந்ததும் சு. பக்கத்தில் உட்கார்ந்து பாடம் கேட்டேன்.

தொழிற்சாலையில் நான் பர்ச்சேசிங். மூன்று குவோட்டேஷன் இல்லாமல் ஒரு துடைப்பம்கூட வாங்கமாட்டேன். அந்தத் திமிரில் உட்கார்ந்தேன். அரை மணியில் திமிர் போயிற்று. புரிந்த வரை:

– ப்ராசஸர்: சிவப்புக் கம்பெனியா, நீலக் கம்பெனியா. சு. சிவப்பு.
– கிராஃபிக்ஸ் கார்டு (இனி கி.கா.): சிவப்பா, பச்சையா. இதற்கே காசில் கிட்டத்தட்டப் பாதி. இன்னும் முடிவில்லை.
– மதர்போர்டு: ப்ராசஸருக்கும் இதற்கும் பொருத்தம் பார்க்க வேண்டும். ஜாதகம் தேவலை.
– ரேம்: 32. பதினாறு போதாதா என்றேன். முகத்தைப் பார்த்தான். சரி, 32.
– பவர் சப்ளை: "இதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதக்கா. இது போனா எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுப் போயிரும்."
– கேஸ், அதாவது பெட்டி: பக்கத்தில் கண்ணாடி, உள்ளே கலர் விளக்கு. விளக்கு எதுக்குடா? "சும்மா லா." சிரித்தான்.

சிரித்தான். இதைத் தனி வரியாக எழுதி வைக்கிறேன்.

கீபோர்டு, மவுஸ் பற்றி அவன் பேசவில்லை. நானும் அந்தப் பக்கம் போகவில்லை.

அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து அவன் வலது கையை மடியில் வைத்து நீவிவிட்டார். "இன்னைக்கு விரலு லேசா அசைஞ்சிச்சு மாலா, நீ பாத்தியா?"

சு.: "நீங்கதாம்மா அசைச்சீங்க."

அம்மா காதில் வாங்காத மாதிரி இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினார்.

டிசம்பர் 13, சனி

கி.கா. முடிவாகிவிட்டது. சிவப்பு. இரண்டு நாள் வீடியோ பார்த்து, யாரோ முகம் தெரியாதவர்கள் சண்டை போட்டதை எல்லாம் படித்து, எனக்குக் கனவில்கூட வரைபடம் வந்தது. காலையில் கிளம்பினோம். கூலாய் கடைவீதியில் ஆ செங்கின் கம்ப்யூட்டர் கடை. சு. சட்டை மாற்றி, தலை சீவி, காருக்குப் பக்கத்தில் நின்றான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரி அல்லாத இடத்துக்குக் கிளம்புகிறான்.

அம்மா வாசலுக்கு வந்தார். "பொட்டி இரும்பா?"

"ஆமாம்மா, இரும்பும் கண்ணாடியும்."

"சனிக்கெழம யாராச்சும் இரும்பு வாங்குவாங்களா?"

பெட்டியை மட்டும் நாளைக்கு வாங்கிக்கொள்கிறோம், மற்றதை இன்று வாங்குகிறோம் என்றேன். "பொட்டி இல்லாம மத்தத எங்க வைப்ப, மடியிலயா?" அம்மாவிடம் வழக்காடி ஜெயித்தவர் யாரும் எங்கள் வம்சத்தில் இல்லை.

"விடுக்கா, நாளைக்குப் போலாம்" என்று சு. உள்ளே போய்விட்டான். சீவின தலையோடு படுத்திருந்தான். அம்மாமேல் வந்த கோபத்தில் துணியெல்லாம் துவைத்துத் தள்ளினேன். காயவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

போனோம். கடை பூட்டு. கதவில் ஒரு தாள்: மகள் திருமணம், புதன்கிழமை திறப்போம். அலமாக் என்று தலையில் கைவைத்தேன்.

சு. வண்டியைவிட்டு இறங்கவே இல்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. கோயில் ஒலிபெருக்கி அஞ்சு மணிக்கே எழுப்பியது.

நாளை கடை திறக்கும் என்று வாயெடுத்தேன். அம்மா கோலமாவு டப்பாவைக் கீழே வைத்தார்.

"மார்கழியில புதுசா ஒண்ணும் வீட்டுக்குள்ள வரக்கூடாது. அதுவும் அவனுக்கு. பட்டது பத்தலயா?"

தை பிறந்தால் வழி பிறக்குமாம். ஒரு மாதம்தானே, ரேம் என்ன கத்தரிக்காயா அழுகிப்போக, என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

கத்தரிக்காய் என்றால் விலை இறங்கியாவது போகும்.

மதியம் ஆ செங்குக்கு போன் செய்தேன். "ஹர்கா நாயெக் லா, மிஸ்" என்றார். விலை ஏறிவிட்டதாம். ரேம் மட்டும் நாங்கள் முதலில் பார்த்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏன் என்றால், டேட்டா சென்டர். உலகத்தில் செய்கிற ரேம் எல்லாம் அங்கே போகிறதாம். இன்னும் ஏறுமாம். வேண்டுமென்றால் இன்றே முன்பணம் கட்டு என்றார். மார்கழி என்று ஒரு சீனரிடம் எப்படி விளக்குவது? கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

சாயங்காலம் சப்ளையர் ஒருவரைப் பார்க்கச் செடெனாக் பக்கம் போக வேண்டியிருந்தது. செம்பனைத் தோட்டம் இருந்த இடமெல்லாம் ஜன்னலே இல்லாத பெரிய பெரிய டேட்டா சென்டர் கட்டடம். எதிர்வீட்டு முருகையா அண்ணன் அதில் ஒன்றில்தான் காவல் வேலை. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டதற்கு, "குளிரும் சத்தமுந்தான் இருக்கு" என்றார். என் தம்பிக்கு வேண்டிய இரண்டு துண்டு ரேம் அந்தச் சுவருக்குப் பின்னால் லட்சக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. சாலையோரம் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பார்த்து என்ன செய்ய.

டிசம்பர் 27, சனி

திருட்டு வேலை செய்தேன். அம்மா கோயிலுக்குப் போன நேரம், போனிலேயே ரேமை ஆர்டர் செய்துவிட்டேன். ஆபீஸ் முகவரிக்கு. ரேம் இரும்பும் இல்லை, வீட்டுக்குள்ளும் வராது. சு.விடம் சொன்னேன். "அக்கா!" என்று இடது கையால் என் தோளில் ஒன்று வைத்தான். வலித்தது. சந்தோஷமாக இருந்தது.

டிசம்பர் 29, திங்கள்

விற்றவன் ஆர்டரை ரத்து செய்துவிட்டான். 'ஸ்டாக் இல்லை, மன்னிக்கவும்.' அதே கடையில் அதே ரேம், புது விலையில், பத்து நிமிடம் கழித்து விற்பனைக்கு இருந்தது. வேலையிடத்தில் சப்ளையர் யாராவது இப்படிச் செய்திருந்தால் நாறடித்திருப்பேன். இவனுக்கு ஒரு நட்சத்திரம் போடக்கூட வழியில்லை, வாங்கியவர்கள்தான் போட முடியுமாம்.

சு.விடம் சொன்னேன். "ம்."

மறுபடியும் ம்.

ஜனவரி 8, வியாழன்

விடுப்பு. ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரி, நரம்புச் சோதனை. நிற்க இடமில்லை. அம்மா வீட்டிலிருந்து இட்லி கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

டாக்டர் இளம்பெண். நல்ல மாதிரி. ஊசியைக் குத்தித் திரையைப் பார்த்தார், இன்னோரிடத்தில் குத்திப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசினார். ஆபரேஷன் செய்த நரம்பிலிருந்து சைகை எதுவும் வரவில்லை. முழங்கை ஒருவேளை கொஞ்சம் மடங்கலாம். விரல்கள் திரும்ப வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. எழுத, சாப்பிட, வேலை செய்ய இடது கையைப் பழக்கத் தொடங்குங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

சு. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னா சொல்றாங்க?" என்று அம்மா என் கையைப் பிடித்தார்.

"முழங்கை மடங்க வாய்ப்பு இருக்காம்மா. பொறுமையா இருக்கணுமாம்."

பொய் இல்லை. பாதி. யாராவது சொல்ல வேண்டும் என்று இத்தனை நாள் மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தவள், சொல்லக் கிடைத்த இடத்தில் வாயை மூடிக்கொண்டேன். அம்மாவின் பிடி அப்படி இருந்தது. சு. தலை நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தான்.

திரும்பும் வழியெல்லாம் அம்மா முழங்கையைப் பற்றியே பேசினார்.

ஜனவரி 11, ஞாயிறு

சு. தானே போனில் கணக்கைத் திருத்திவிட்டுக் கூப்பிட்டான். ரேம் 16. கி.கா. ஒரு படி கீழே. பெட்டியில் விளக்கு இல்லை.

"விளக்கு வேணும்னியேடா?"

"காசு பத்தாதுக்கா."

நான் கூடப் போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். அவன் நண்பர்கள் நாலு பேர், சிங்கப்பூரில் கூட வேலை செய்தவர்கள், தினமும் ஒன்பது மணிக்கு ஒன்றாக ஆடுவார்களாம். இவனுடைய இடத்தை இன்னும் காலியாகத்தான் வைத்திருக்கிறார்கள். "எத்தன நாளைக்கு வச்சிருப்பானுங்க?" என்று கேட்டான். பவர் சப்ளை மட்டும் நல்லதாகவே இருக்கட்டும் என்று பேச்சை மாற்றினேன். எனக்குத் தெரிந்த ஒரே ஆறுதல் அதுதான் இப்போது.

ஜனவரி 18, ஞாயிறு

தை அமாவாசை. வெயில். காலையில் அப்பாவுக்குப் படையல். அம்மாவுக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது. நல்ல நேரம் தவறக் கூடாது என்று அவரும் கடைக்கு வந்தார், பட்டுக்கரை சேலையில்.

ஆ செங் பெட்டி பெட்டியாக எடுத்துவைத்தார். மதர்போர்டு, ப்ராசஸர், ரேம். அம்மா ஒவ்வொன்றையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆ செங் சிரிக்கவில்லை. அவர் கடையிலும் சாமி மாடத்தில் ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது.

கடைசியில் ஆ செங் ஒரு மவுஸை நீட்டினார். மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு இலவசம். கறுப்பு, கேமிங் மவுஸ், வலது கைக்கு வளைத்துச் செய்தது. சு. இடது கையில் வாங்கினான். மேசைமேல் வைத்துப் பிடித்துப் பார்த்தான். கட்டைவிரலுக்கான பள்ளம் சுண்டுவிரல் பக்கம் இருந்தது. இரண்டு தடவை நகர்த்தினான்.

"ஓகே லா. இதுவே போதும்" என்றான்.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ரசீதைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அம்மா அவன் கைக்கு அடியிலிருந்து மவுஸை மெதுவாக எடுத்தார். ஆ செங் முன்னால் வைத்தார்.

"தாங்கான் கிரி புன்யா, அடா?"

இடது கைக்கு உள்ளது இருக்கிறதா. சந்தையில் மீன் கேட்கிற அதே குரல். ஆ செங் சு.வின் தொங்கும் கையை அப்போதுதான் பார்த்தார். உள்ளே போய் நெடுநேரம் தேடினார். ஒன்று கிடைத்தது, அட்டை எல்லாம் தூசி. அம்மா முந்தானையால் துடைத்து சு.விடம் கொடுத்தார். "புடிச்சுப் பாரு. சரியா இருக்கா?"

சரியாக இருந்தது. சு. பிடித்த பிடியை விடவில்லை. முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டான், தோள் குலுங்கியது. அம்மா அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு, என்னிடம் காசைக் கொடுக்கச் சொன்னார்.

அம்மா இதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று மாதக்கணக்காக ஆசைப்பட்டேன். இன்று ஒப்புக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை. இனி இந்த வீட்டில் நம்புகிறவர் யாரும் இல்லை. அம்மா நம்பிக்கொண்டிருந்த தைரியத்தில்தான் நான் நம்பாமல் இருந்திருக்கிறேன் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்தாயிற்று. சு. ஹாலில் அட்டைகளைப் பிரிக்கிறான். பல்லால் டேப்பைக் கிழிக்கிற சத்தம். கூட உட்காருகிறேன் என்றேன், கூப்பிடுகிறேன் என்றான்.

அம்மா சேலை மாற்றிக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார். கதவைச் சாத்தினார். "அன்னைக்கு அந்த டாக்டர் பொண்ணு பேசுனது ரொம்ப நேரம் மாலா. நீ சொன்னது ரெண்டு வார்த்த. மிச்சத்தயும் சொல்லு."

கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். இதை எழுதி முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முடிக்க ஒன்றும் இல்லை.